ஒட்டுக் கட்டிய மரங்கள்

எலுமிச்சை என்று புத்தகத்தில் போடுகிற தேசியின் இலை ஒன்றைப் பிடுங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், ஊசியால் குத்தினாற்போல நிறையப் புள்ளிகள் தெரியும். புதிதாக மரம் வைத்தவர்கள் அதைக் கண்டு பயந்துபோய் என்னிடம் ஓடி வருவார்கள். அது நோயல்ல. இலையின் எண்ணெய் அங்கேதான் இருக்கிறது. கசக்கும்போது வரும் வாசமும் அதிலிருந்துதான். நோய்ப் புள்ளி வேறு. நடுவில் கபில நிறமாகவும் அதைச் சுற்றி மஞ்சள் கரையாகவும் இருக்கும். நாள் போக நடு உதிர்ந்து இலையில் ஓட்டை விழும். பிறகு தளிரின் நுனி கருகித் தொங்கும், பூ கொட்டும், பிஞ்சு கொட்டும். நிலக்கடலை அளவுப் பிஞ்சுகள் மரத்தடியில் பரவிக் கிடக்கும்.

ஃபாதர், இதையெல்லாம் நீங்கள் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். போன கிழமை ஜெயபுரத்திலிருந்து மண்ணெண்ணெயில் ஓடும் அந்த மோட்டார்சைக்கிளில் இவ்வளவு தூரம் வந்து, என் வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, நீங்கள் கேட்டது ஒரு சின்னக் கடிதம் மட்டும்தான்.

“ஞானமலர் அஞ்சு வருசமா ஒரு செடியில கை வைக்கிறேல்லை, ஐயா,” என்றீர்கள். “தான் தொட்டுத்தான் இந்தப் பக்கத்துத் தேசி மரமெல்லாம் கருகினதெண்டு நம்பிக்கொண்டிருக்கிறா. நான் சொன்னாக் கேக்கிறா இல்லை. நீங்கள் விவசாயம் படிச்ச மனுசன். அது மரத்துக்கு வந்த வருத்தம், அவாவால வந்ததில்லை எண்டு ரெண்டு வரி எழுதித் தாங்கோ. நான் வாசிச்சுக் காட்டுறன்.”

இரண்டு நாளில் எழுதி அனுப்புகிறேன் என்றேன். இரண்டு வரி எழுதவும் செய்தேன். பிறகு அதைக் கிழித்துப்போட்டேன். ஐந்து வருடமாக ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தவனுக்கு, தொடங்கினால் இரண்டு வரியில் நிறுத்த வராது என்று எழுதும்போதுதான் தெரிந்தது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆறுதலாக வாசியுங்கள்.

நான் இருபத்தாறு வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். 1991 இல் ஓய்வு பெற்றேன். மல்லாவியிலிருந்து நாலு மைல்கட்டை தள்ளி இருக்கும் இந்தக் குடியேற்றத் திட்டத்தில் எனக்கும் ஒரு காணி உண்டு. மொத்தம் முப்பத்தெட்டுக் காணிகள். எல்லோரும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். பள்ளக் காணியில் நெல், மேட்டுக் காணியில் வீடும் தோட்டமும். ஓய்வு பெற்ற வருடமே நான் என் கிணற்றடியில் நாற்றுமேடை போட்டு, ஒவ்வொரு காணிக்கும் ஏழெட்டுத் தேசிக் கன்று கொடுத்தேன். அரசாங்கம் பொருள்களுக்குத் தடை போட்ட காலம். உரம் இல்லை, மருந்து இல்லை, தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு எண்ணெய் இல்லை. தேசி மரத்துக்கு இவை ஒன்றும் பெரிதாக வேண்டாம். நாலாம் வருடம் மரங்கள் காய்த்தன. இடம்பெயர்ந்து வந்த சனத்தால் மல்லாவிச் சந்தை நிரம்பி வழிந்த நேரம் அது. எங்கள் காய் சாக்கை இறக்கிய இடத்திலேயே முடிந்தது. ஊரில் எனக்கு நல்ல மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

1996 ஆவணியில் ஞானமலர் வந்தாள். முல்லைத்தீவுக் கரையோரத்து ஆள். புருசன் யோசெப் கடலில் தொழிலுக்குப் போய்த் திரும்பி வராமல் மூன்று வருடம் ஆகியிருந்தது. முள்ளியவளையில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு, அங்கேயும் இருக்க முடியாமல், ஒரு சைக்கிளும் இரண்டு உரப்பைகளும் ஒன்பது வயது மகள் கம்சாவுமாக வந்து நின்றாள். என் காணியின் மூலையில் கொட்டில் போட இடம் கொடுத்தேன். கூரை வேயக் கிடுகும் கொடுத்தேன். நான் இரக்கமில்லாதவன் அல்ல என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அவளுக்கு வேலை தேடிக் கொடுத்ததும் நான்தான். காணி காணியாகப் போய்க் காய் பிடுங்குவாள். அவள் கை வேகம் இங்கே ஒருவருக்கும் இல்லை. சந்தைக்குப் போகாத கழிவுக் காய்களை வாங்கிப் பிளந்து, மீனுக்கு உப்புப் போடுகிற மாதிரியே உப்படைத்துப் பாயில் காயவைப்பாள். அந்த ஊறுகாயை என் மனைவி ஜெகதீஸ்வரி பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். கம்சா தாயின் பின்னால் கடகத்தோடு போவாள். வாயோயாத பிள்ளை. உதிர்ந்த இலைகளைக் கொண்டுவந்து நான் இருக்கும் கதிரைக்குப் பக்கத்தில் பரப்பி, எது வருத்தம், எது வருத்தமில்லை என்று பிரித்துக் காட்டுவாள். பெரும்பாலும் சரியாகவே பிரிப்பாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் வராத நாளில் தேடியிருக்கிறேன்.

இனி மரத்துக்கு வருகிறேன். அந்த வருடம் வைகாசியில், கிளாலிப் பக்கத்தால் வந்த ஒருவர் எனக்கு நாலு தேசிக் கன்று கொண்டுவந்து தந்தார். விதையில்லாத இனம். பத்து வருடமாக நான் தேடியது. கன்றுகளின் இலையில் புள்ளி இருந்தது. கண்டவுடனேயே எனக்கு அது பங்கசு என்று தெரிந்தது. மற்றவர்கள் பூஞ்சணம் என்பார்கள். வேறு யாராவது அந்தக் கன்றுகளை என்னிடம் கொண்டுவந்திருந்தால், நின்ற நிலையில் கொளுத்தச் சொல்லியிருப்பேன். நான் புள்ளி விழுந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்துவிட்டு, மிச்ச இலையோடு கன்றுகளை ஊருக்குக் காட்டினேன்.

அந்த நாலு கன்றிலிருந்தும் அரும்பு எடுத்து, புரட்டாதி முதல் மழையோடு ஒவ்வொரு காணியிலும் ஒரு மரத்துக்கு ஒட்டுக் கட்டினேன். முப்பத்தெட்டு மரம். ஒரே கத்தி. ஒவ்வொரு மரத்துக்குப் பிறகும் கத்தியை நெருப்பில் காட்ட வேண்டும் என்று நானே எத்தனையோ வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று மழை தூறிக்கொண்டிருந்தது, ஆட்கள் அடுத்த காணியில் எனக்காகக் காத்து நின்றார்கள், நான் காட்டவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் எனக்குத் தேத்தண்ணீரும் வாழைப்பழமும் வைத்திருந்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக இருந்த நாட்கள் குறைவு.

ஐப்பசி மழைக்குப் புள்ளி வந்தது. கார்த்திகையில் நுனி கருகத் தொடங்கியது. இந்தப் பங்கசு மழைத்துளியில் தெறித்துத்தான் ஒரு கொப்பிலிருந்து மற்றக் கொப்புக்குப் போகும். அந்த மாரி நல்ல மாரி.

கார்த்திகை நடுவில் ஒருநாள் காலை, ஞானமலர் நனைந்த கையைச் சேலையில் துடைத்தபடி என் முன்னால் வந்து நின்றாள்.

“ஐயா, ஒண்டு சொல்லட்டோ? பிழையா நினைக்கக் கூடாது.”

“சொல்லு பிள்ளை.”

“நான் எல்லாக் காணியிலயும் பிடுங்கிறனான்தானே. எல்லா இடத்திலயும் நீங்கள் கட்டுப் போட்ட மரத்திலதான் முதல் வருது. அதில இருந்துதான் பக்கத்து மரத்துக்குப் போகுது. வீரகத்தி அண்ணையின்ர காணியில கட்டுப் போட்ட மரம் மூலையில தனிய நிக்குது. அங்க மற்ற மரத்துக்கு இன்னும் வரேல்லை. ஐயாவுக்கு உதவுமெண்டுதான் சொல்லுறன்.”

அவள் என்னில் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. கடற்கரை ஆட்களுக்குத் தண்ணீரின் நிறம் மாறுவதைப் பார்த்துப் பழகிய கண். பார்த்ததைச் சொன்னாள். இருபத்தாறு வருடத்தில் என்னோடு வேலை செய்த ஒருவரும் அவ்வளவு ஒழுங்காக ஒரு நோயைப் பார்த்துச் சொன்னதில்லை. நான் அவளிடம், “வேற ஆருக்கும் சொன்னனியோ?” என்று கேட்டேன். இல்லை என்றாள். “இப்ப சொல்லாத. நான் பாக்கிறன்,” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். 

என்னிடம் மருந்து இருந்தது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலையில் இருந்த காலத்தில் நான் சொந்தமாக வாங்கிய மூன்று கிலோ மயில்துத்தம் என்கிற நீல உப்பு, ஒரு பிஸ்கட் தகரத்தில், அலுமாரியின் அடித்தட்டில் இருந்தது. அதோடு சுண்ணாம்பைக் கரைத்துச் சேர்த்தால் இந்த நோய்க்கு அதைவிட நல்ல மருந்து அந்த நாளில் இல்லை. முப்பத்தெட்டுக் காணிக்கும் ஒருமுறை அடிக்கக் கணக்காகக் காணும். ஐப்பசியிலேயே அடித்திருக்கலாம். அடித்தால் இது பங்கசு என்று ஊருக்குத் தெரியும். பங்கசு என்றால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல ஒருத்தி இருந்தாள்.

நான் கெட்ட எண்ணத்தோடு எதையும் திட்டம் போடவில்லை. மாரி முடிய நோய் தானாகவே கொஞ்சம் அடங்கும், அதுவரைக்கும் ஒருவரும் ஒன்றும் கேட்காமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் கேட்டார்கள். நாலு நாள் கழித்துக் கமலாட்சி வந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் காணிக்காரி. ஊரில் பெண்களெல்லாம் அவள் சொல்லைத்தான் கேட்பார்கள். கையில் ஒரு கருகின கொப்பு. இன்னும் ஐந்தாறு பேர் பின்னால் நின்றார்கள்.

“பரமலிங்கம் ஐயா, இதென்ன வருத்தம்? மருந்து ஏதும் இருக்கோ?”

நான் கொப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “இது மருந்துக்கு அடங்கிற வருத்தமாத் தெரியேல்லை,” என்றேன். பிறகு, கொப்பைத் திருப்பிக் கொடுத்தபடி, “மரத்தில கை வைக்கிறது ஆர்?” என்று கேட்டேன்.

நான் கேட்டது அவ்வளவுதான். ஒருவர் பெயரையும் சொல்லவில்லை.

ஃபாதர், எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாதவிலக்கு நாட்களைத் துடக்கு என்பார்கள். துடக்கோடு ஒரு பெண் தேசி மரத்தைத் தொட்டால் மரம் கருகிப் போகும் என்று நம்பிக்கை. வெற்றிலைக் கொடிக்கும் அப்படித்தான். இங்கே பெண்கள் அந்த நாட்களில் மரத்தின் நிழலில்கூட நிற்கமாட்டார்கள். உங்கள் சனத்திடம் இந்த வழக்கம் இல்லை. நான் வேலையில் இருந்தபோது இந்தக் கதையைக் கேட்டால் சிரிப்பேன். இதே பிள்ளையார் கோயில் முன்றலில் கூட்டம் வைத்து, மரத்துக்குத் தெரிந்தது தண்ணீரும் வெயிலும்தான், வேறொன்றும் அதற்குத் தெரியாது என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதனால்தான் நான் கேட்ட கேள்விக்கு அவ்வளவு பலம் இருந்தது. நம்பாத மனுசனே இப்படிக் கேட்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கும் என்று நினைத்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு கோயில் முன்றலில் எல்லோரும் கூடினார்கள். ஞானமலரைக் கூப்பிட்டார்கள். அவள் கோயிலுக்குள் வராமல் தேர்முட்டிப் பக்கமாக, கம்சாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கமலாட்சி நேரடியாகவே கேட்டாள்.

“அந்த நாளுகளிலயும் நீ மரத்தில பிடுங்கிறனியோ?”

“ஓம் அக்கா, பிடுங்கினனான். எங்கட பக்கம் அப்படியொண்டும் பாக்கிறேல்லை. பாக்கிறதெண்டு ஒருதரும் எனக்குச் சொல்லேல்லையே.”

சனம் இரைந்தது. நாசமாய்ப் போவாய் என்றுகூட ஒருவர் சொன்னார். அவள் பயந்துபோய்ச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைக் கண்டதும் அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். இப்போது எழுதும்போதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

“ஐயாவுக்குத் தெரியும்,” என்றாள். “ஐயாவுக்கு நான் எல்லாம் சொல்லியிருக்கிறன். ஐயா சொல்லட்டும்.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும். அந்த இடத்தில் என்னிடம் இரண்டு உண்மை இருந்தது. ஒன்றைச் சொன்னால் அவளுக்கு இருக்க இடம் மிஞ்சும். சொல்லாமல் விட்டால் எனக்கு என் பெயர் மிஞ்சும். நான் பொய் சொல்லவில்லை. “விஞ்ஞானம் இன்னும் எல்லாத்தையும் கண்டுபிடிச்சுப் போடேல்லை,” என்றேன். அது உண்மைதான்.

அவளை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். கொட்டில் என் காணியில் இருந்தபடியால் அதைச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜெகதீஸ்வரி குசினி வாசலில் நின்று கேட்டாள்.

“இஞ்சருங்கோ, நீங்கள் உதுகளை நம்பிறேல்லையே.”

“வயசு போகப் போக மனுசன் மாறுறதுதான்,” என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நானே கொட்டிலுக்குப் போனேன். கம்சா சாக்கில் சுருண்டு படுத்திருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற காய்ச்சல். மலேரியா என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த மாரியில் வீட்டுக்கு வீடு அதுதான். மல்லாவி ஆசுப்பத்திரியில் கொடுத்த குளிசை முடிந்துவிட்டது, திங்கட்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஞானமலர் சொன்னாள்.

“ஐயா, மழை விடுமட்டும் இருக்க விடுங்கோ. தை பிறக்கப் போயிடுறன். நான் ஒரு மரத்துக்குக் கிட்டவும் போகமாட்டன். பிள்ளைக்குச் சுகமில்லை, பாக்கிறியள்தானே.”

அவள் என் காலடியில் இருந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. இது பொய்யில்லை, ஃபாதர். ஆனால் தை மட்டும் இருந்தால் அவள் நாலு பேரோடு கதைப்பாள். அழுது ஓய்ந்த பிறகு அவளுக்குக் கட்டுப் போட்ட மரம் ஞாபகம் வரும். வீரகத்தியின் காணி இரண்டு வேலிக்கு அப்பால்தான். ஊர்ச் சொல்லை நான் ஒருவனாக மீற முடியாது என்றேன். காய்ச்சல் விடுகிற நாளாகப் பார்த்து, புதன்கிழமை புறப்படச் சொன்னேன். அந்த அளவுக்கு நான் யோசித்துத்தான் சொன்னேன்.

ஜெயபுரத்தில் எமில்டா என்று ஒன்றுவிட்ட தமக்கை தறப்பாள் கொட்டிலில் இருக்கிறாள், அங்கே போகிறேன் என்றாள். புதன்கிழமை காலை மழை விட்டிருந்தது. சைக்கிள் கரியரில் உரப்பையை விரித்து அதில் பிள்ளையை இருத்தி, தன்னோடு சேர்த்துச் சேலைத் துண்டால் கட்டினாள். ஓடவில்லை, உருட்டிக்கொண்டுதான் போனாள். ஜெகதீஸ்வரி எங்கள் கட்டில் போர்வையைக் கொண்டுபோய்ப் பிள்ளையைச் சுற்றிப் போர்த்திவிட்டாள். கம்சா என்னைப் பார்த்து, “ஐயா, போட்டு வாறன்,” என்றாள். நான் தலையாட்டினேன். ஒழுங்கை முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அந்த இருவரையும் நான் காணவில்லை.

இனிச் சொல்வதை நீங்கள் அவளுக்குக் கவனமாக வாசிக்க வேண்டும்.

அவள் போய் ஒரு கிழமையில் கோயில் பூசகர் கணபதி, மரங்களுக்குத் துடக்குக் கழிக்க வேண்டும், மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்றார். முந்நூறு மரத்துக்குக் கையால் தெளித்து எப்போது முடிவது என்று ஆட்கள் யோசித்தார்கள். என்னிடம் மருந்து அடிக்கிற மெசின் இருக்கிறது, நானே எல்லாக் காணிக்கும் வந்து அடித்துத் தருகிறேன் என்றேன். பூசகர் மஞ்சளை மந்திரித்துத் தந்தார். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிளாஸ்ரிக் பரலில் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துச் சேர்த்து, அதற்குள் மஞ்சளைக் கொட்டினேன். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். நீலத்தோடு அது சேர்ந்து சேற்று ஊதா நிறமாக வந்தது. முதல் மரத்துக்கு அடித்தபோது கமலாட்சி அந்த நிறத்தைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்டாள். “பாருங்கோ ஐயா, தோசம் இறங்குது,” என்றாள். ஓம் என்றேன்.

மூன்று நாள் அடித்தேன். நாலாம் நாளிலிருந்து வெயில். தை கடைசியில் மரங்கள் தளிர்த்தன. ஒரு புள்ளி இல்லை. அவள் போனாள், மரம் பிழைத்தது என்று ஊர் முழுக்கச் சொன்னது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏன் வரும்? மருந்தைப் பிடித்து வைத்திருந்து, அவளை முதலில் அனுப்பி, பிறகு அடித்தவன் நான். அந்த ஒழுங்கு மாறியிருந்தால் சனம் வேறு கதை சொல்லியிருக்கும். ஒட்டுக் கட்டிய கொப்புகளையும், நோய் இறங்கிய இடம் என்று சொல்லி, அந்த மூன்று நாளிலேயே வெட்டி எரித்தேன். விதையில்லாத தேசியும் அதோடு போய்விட்டது.

வெறும் பிஸ்கட் தகரத்தை ஜெகதீஸ்வரி கண்டாள். அதற்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ வருடம் அவள்தான் அதை ஈரம் படாமல் பார்த்து வைத்தவள். தகரத்தை எடுத்துக்கொண்டு போனாள். கழுவிக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கறிக்குத் தேசிப்புளி விடுவதில்லை. புளியம்பழத்துப் பழப்புளிதான். ஒரு குற்றமும் செய்யாதவன் மாதிரி நானும் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாசி மாதம் றஜித் என்று ஒரு கருவாட்டு வியாபாரி படலையில் வந்து நின்று சொன்னான். ஜெயபுரம் போகிற வழியில் குளம் நிரம்பி வான் பாய்ந்து, இரண்டு நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி இருந்திருக்கிறார்கள். போய்ச் சேர்ந்ததும் பிள்ளைக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறியிருக்கிறது. பாதை முழுக்க வெள்ளம். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வழியும் இருக்கவில்லை. ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. திகதியைக் கேட்டேன். நான் வாய்க்கால் ஓரக் காணிகளில் மெசினோடு நின்ற நாள்.

அந்த மாரியில் மலேரியா எத்தனையோ பிள்ளைகளைக் கொண்டுபோனது. இங்கே இருந்திருந்தாலும் அப்படி நடந்திருக்கலாம் என்று ஐந்து வருடமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். இன்று எழுதும்போது அது வாயில் வரவில்லை. இங்கே இருந்திருந்தால் நாலு கட்டையில் ஆசுப்பத்திரி. நல்ல தார் ரோட்டு இல்லாவிட்டாலும் வெள்ளம் வராத ரோட்டு. என் சைக்கிளிலேயே கொண்டுபோயிருப்பேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். நான் அதற்கு முந்திய புதன்கிழமை அவர்களை அனுப்பினேன்.

நீங்கள் புறப்படும்போது மோட்டார்சைக்கிளை மிதித்துக்கொண்டே சொன்ன மற்றக் கதைதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. “பிள்ளையின்ர கல்லறைக்கும் ஒரு பூ வைக்கமாட்டா. தன்ர கை வைச்சது ஒண்டும் தப்பாதாம். மகளைக் கடைசி மட்டும் மடியில வைச்சிருந்தது தான்தானே எண்டு கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்ல?” என்றீர்கள். அவள் அப்படி நம்புவாள் என்று நான் நினைக்கவே இல்லை. அவளுக்கு உண்மை தெரியும், தன் கண்ணால் பார்த்தவள், ஊர் என்ன சொன்னாலும் உள்ளுக்குள் தெளிவாக இருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் என்னை நம்பித் தன் கண்ணை நம்பாமல் விட்டாள். இவ்வளவு பெரிய மதிப்பை எனக்கு ஒருவரும் தந்ததில்லை. இந்த வயதில் அதை நினைத்து அழுகிறேன்.

ஆகவே இதைச் சந்தேகமில்லாமல் அவளுக்குச் சொல்லுங்கள். நோயைக் கொண்டுவந்தவன் நான். என் கத்தியால் முப்பத்தெட்டுக் காணிக்கும் பரப்பியவன் நான். மருந்தை அலுமாரியில் வைத்துக்கொண்டு, அவள் போகும்வரை அடிக்காமல் இருந்தவன் நான். காய்ச்சலோடு கிடந்த பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னவன் நான். அவள் கை பட்டு ஒரு இலையும் கருகவில்லை. கம்சாவைக் கொன்றது அவள் மடி அல்ல, நான்.

இதை இங்கே இந்த ஊரில் வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்காக அல்ல. முப்பத்தெட்டுக் குடும்பமும் இப்போது ஓரளவு நிம்மதியாக இருக்கின்றன. மரங்கள் இந்த வருடம் கொப்பு முறியக் காய்த்திருக்கின்றன. போன மாதம்தான் வாசிகசாலைத் திறப்புவிழாவில் எனக்கு மாலை போட்டார்கள். ஒரு கடிதத்தால் அத்தனை பேருடைய நம்பிக்கையையும் குலைப்பதில் என்ன இருக்கிறது? அவளுக்குத் தெரிந்தால் போதும்.

கேட்டு முடிந்ததும் அவள் அழுவாள். கத்துவாள், என்னைத் திட்டுவாள். தடுக்காதீர்கள், கொஞ்ச நேரம் விடுங்கள். ஆறின பிறகு ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவளிடம் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. கட்டுப் போட்ட மரங்களை அப்படிக் கூர்ந்து பார்த்ததற்காக நான் அவளை மன்னித்துப் பல காலமாகிவிட்டது.